உறைபெட்டிக்குள் போகும் முன்

குரோம்பேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சேம்பர்ஸ் துரை குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவி, பிற்காலத்தில் ஊருக்கே அதன் பெயர் நிலைத்துவிடும்படி நடத்திய நாட்களில், தோல் பதனிடுவோர் அனைவரும் அனுபவத்தால் அறிந்திருந்த உண்மை ஒன்று உண்டு: பச்சைத் தோலின் கதி, அது தொழிற்சாலைத் தொட்டியில் இறங்கும் நாளில் நிர்ணயமாவதில்லை, உரித்த முதல் சில மணி நேரத்திலேயே நிர்ணயமாகிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் தோலின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலான உப்பை வாரித் தேய்த்து அதன் ஈரத்தை வெளியே இழுத்துவிட்டால் கிருமிகளுக்கு அங்கே ஜீவனமில்லை. அந்த நேரத்தைக் கோட்டை விட்டுவிட்டால், பிற்பாடு எத்தனை சிறந்த குரோமிய உப்பில் ஊற வைத்தும் பயனில்லை. அழுகுதல் என்ற கிரியை காலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதையும், பாதுகாப்பு என்பது தாமதமின்மையின் மறுபெயர் என்பதையும் அந்தத் தொழிலாளர்கள் எந்தச் சாஸ்திரப் புத்தகத்தையும் படிக்காமலே தெரிந்துகொண்டிருந்தார்கள்.

அதே ஊரில் இன்று, ராதா நகரிலும் நியூ காலனியிலும் அஸ்தினாபுரத்திலும் அடுக்கு மாடிகளில் குடியிருந்து, காலையில் கணவன் ஒரு திசையும் மனைவி ஒரு திசையுமாக மின்சார ரயிலிலோ ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்திலோ புறப்பட்டுப் போய், இரவு எட்டு மணிக்கு மேல் களைத்துத் திரும்புகிற குடும்பங்களில் சில, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புதிய காரியத்தில் ஈடுபடுகின்றன. மக்ரோனியையோ பென்னே பாஸ்தாவையோ வேகவைத்து, தக்காளி சாஸும் பால் சேர்ந்த வெள்ளை சாஸும் காய்கறியும் கலந்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு, ஓவனில் வைத்துச் சுட வேண்டிய பதார்த்தத்தை மூன்று நான்கு வேளைக்கு ஆகும் அளவில் ஒரே மூச்சில் தயாரித்து, ஒன்றை அன்றைக்கே சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, மீதியைப் பிரீசரில் உறைய வைத்துவிடுகிறார்கள். மேல்நாட்டுப் பண்டம்தானே என்று இதை ஒதுக்குவதற்கில்லை. திண்டுக்கல் ஆலைகளின் சேமியாவை உப்புமாவாகவும் பாயசமாகவும் உண்டு பழகிய நமக்கு, கோதுமையைப் பிசைந்து அச்சில் பிழிந்து உலர்த்திய இந்த வஸ்து தூரத்து உறவினன் மட்டுமே. என்னுடைய ஆட்சேபம் பண்டத்தைப் பற்றியதன்று. அதை உறைய வைக்கும் முறையைக் குளிர்தேசத்துச் சமையல் நூல்களிலிருந்து அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்வதைப் பற்றியது.

தமிழ்நாட்டுச் சமையல் உஷ்ணத்தோடு நடத்திய போராட்டம் மிகப் பழையது. அதன் ஆயுதங்களும் வேறு. வற்றலும் வடகமும் நீரைப் போக்கிக் கிருமியைப் பட்டினி போட்டன. ஊறுகாய் உப்பாலும் புளிப்பாலும் அதை விரட்டியது. நீரில் ஊறிய பழைய சோறோ, ஒரு வகைக் கிருமிக்கு வீட்டைத் திறந்துவிட்டு, அது உண்டாக்கும் புளிப்பைக் கொண்டே மற்ற வகைகளை வாசலில் நிறுத்தியது. இவற்றில் ஒன்றுக்கும் குளிர்ச்சி தேவைப்படவில்லை. குளிர்ச்சி கிடைக்கவும் இல்லை. உள்நாட்டில் தயாரான முதல் பிரிட்ஜை 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் வெளியிட்ட பின்னும், நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் அது சர்வ சாதாரணமாக நுழைய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே வெயிலையும் உப்பையும் பற்றி நம் பாட்டிமார்களுக்கு இருந்த நுட்பமான ஞானம், குளிரைப் பற்றி நமக்கு இன்னும் உண்டாகவில்லை என்று சொன்னால் அது யாரையும் குறை கூறியதாகாது.

சமைத்ததை "அறை உஷ்ணத்துக்கு ஆற விட்டு, பின்னர் உறையவையுங்கள்" என்று குளிர்தேசத்துப் புத்தகங்கள் கூறுகின்றன. லண்டனில் குளிர்காலத்துச் சமையலறையின் உஷ்ணம் பதினெட்டு டிகிரி சென்டிகிரேடு என்றால், சித்திரை மாதத்துக் குரோம்பேட்டையில் மூடிய ஜன்னலும் எரியும் அடுப்புமாக இருக்கும் சமையலறையின் உஷ்ணம் முப்பத்தைந்தைத் தாண்டுவது சகஜம். அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு அது கிருமி வளர்ச்சி மந்தப்படுகிற இடத்தைக் குறிக்கிறது. நமக்கோ கிருமி மிக உற்சாகமாகப் பெருகுகிற இடத்தைக் குறிக்கிறது. உணவில் நோய் விளைக்கும் கிருமிகள் ஏறக்குறைய ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடையில் வளர்கின்றன என்பது பொதுக் கணக்கு. அந்த இடைவெளிக்குள்ளும் முப்பது முதல் நாற்பது வரையிலான பகுதிதான் அவற்றின் ராஜ்யம். ஆற விடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய தட்டை மேடையின்மேல் மத்தியானம் முழுவதும் நாம் வைத்திருந்தால், உண்மையில் செய்வது கிருமிகளை இளஞ்சூட்டில் வளர்த்தெடுப்பதே.

இந்த இடத்தில், கொதிக்கக் கொதிக்கச் சமைத்த பண்டத்தில் கிருமி ஏது என்று ஒருவர் கேட்பது நியாயம். தானியங்களில் இயற்கையாகவே தங்கியிருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி, கஷ்ட காலம் வந்தால் தன்னைச் சுற்றி உறுதியான ஓர் உறையை அமைத்துக்கொண்டு வித்துருவில் உறங்கிவிடும் சுபாவமுடையது. அந்த வித்து கொதிநீரில் சாவதில்லை. மற்றக் கிருமிகளெல்லாம் வெந்து மடிந்த பிறகு, போட்டியில்லாத அந்த வயலில், சோறோ சேமியாவோ பாஸ்தாவோ இளஞ்சூட்டில் கிடக்கும்போது அது முளைத்தெழுகிறது. அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தாலும், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்துக்கு மேலாகிவிடும். இதைவிடக் கவலைக்குரியது, இதன் சில ஜாதிகள் உணவில் கக்கிவைக்கும் நஞ்சு, நூற்றிருபது டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை என்பதுதான். ஆகையால் "சாப்பிடும்போது நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் போயிற்று" என்ற சமாதானம் இங்கே செல்லாது. குளிராலும் அந்த நஞ்சு கெடாது. 2008-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாட்களுக்கு முன் சமைத்துச் சமையலறையில் வெளியே வைத்திருந்த தக்காளி சாஸ் ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. ஈரல் சேதமடைந்திருந்ததும், காரணம் இந்தக் கிருமியின் நஞ்சு என்பதும் பரிசோதனையில் தெரியவந்து, வைத்திய சாஸ்திரப் பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. இது மிக அபூர்வமான நிகழ்ச்சி; பெரும்பாலும் வாந்தியோடும் வயிற்றுப்போக்கோடும் தீர்ந்துவிடும் உபாதைதான். ஆனால் ஐரோப்பாவின் அக்டோபர் மாதத்தில் ஐந்து நாளில் நேர்ந்தது, நமது சித்திரையில் எத்தனை நேரத்தில் நேரும் என்று யோசிப்பதில் தவறில்லை.

எனவே, அறுபது டிகிரியிலிருந்து இருபத்தொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குள்ளும், அங்கிருந்து ஐந்துக்கு மேலும் நான்கு மணி நேரத்திற்குள்ளும் இறங்கிவிட வேண்டும் என்பது பெரிய சமையற்கூடங்களில் அனுசரிக்கப்படும் விதி. இந்த விதியின் முதற்பாதியை நம் ஊரில் காற்றை மட்டும் நம்பி நிறைவேற்றவே முடியாது என்பது கவனிக்கத்தக்கது. காற்றே முப்பத்தைந்து டிகிரியில் இருக்கும்போது அது எந்தப் பதார்த்தத்தையும் இருபத்தொன்றுக்குக் கொண்டுபோகாது, ஒரு பகல் முழுவதும் விசிறினாலும்.

இப்போது வெப்பத்தின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் இந்த அத்தியாயம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பிரீசர் குளிரைக் கொடுக்கிறது என்று நாம் பேசுகிறோம். பௌதிக சாஸ்திரத்தில் குளிர் என்ற வஸ்துவே கிடையாது. பண்டத்திலுள்ள வெப்பத்தை வாங்கி, பெட்டியின் பின்புறத்துக் குழாய்களின் வழியே சமையலறையிலேயே கொட்டுவதுதான் அந்த யந்திரத்தின் வேலை. ஒரு கிலோ எடையுள்ள பாஸ்தாத் தட்டில் ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிராம் நீர் இருப்பதாகக் கொண்டால், எண்பது டிகிரியிலிருந்து அதைப் பூஜ்யத்துக்கு இறக்க அறுபத்து நான்கு கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றபடி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் பனிக்கட்டியாக்க, ஒரு கிராமுக்கு எண்பது கலோரி வீதம், மேலும் நாற்பத்தேழு. அதன்பின் மைனஸ் பதினெட்டுக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு எட்டு. ஆகமொத்தம் ஏறக்குறைய நூற்றிருபது. இதில் எண்பதிலிருந்து பத்து டிகிரி வரையிலான ஐம்பத்தாறு கிலோ கலோரியை, அதாவது ஏறக்குறையப் பாதியை, பெட்டிக்கு வெளியிலேயே ஒரு பேசின் தண்ணீரும் கொஞ்சம் ஐஸும் வாங்கிக்கொள்ளக்கூடும். அந்தப் பாதியையும் பிரீசரின் தலையில் கட்டுகிறவர்கள், மின்சாரக் கட்டணத்தில் மட்டும் நஷ்டமடைவதில்லை. உள்ளே ஏற்கெனவே உறைந்து கிடக்கும் மற்றப் பண்டங்களின் மேற்பரப்பை இளகச் செய்து, அவற்றையும் கெடுக்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது குளிர்நீர் அன்று. சமயத்தில் குளிப்பதற்கு விளாவ வேண்டியிருக்கும் அளவு சூடானது. தரைக்கடியிலுள்ள சம்ப்பிலிருந்து நேரே இறைத்த நீரையோ, முதல் நாள் இரவே பானையில் பிடித்து வைத்த நீரையோ உபயோகிப்பதும், சமையலையே காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். சாஸைக் குழிந்த பாத்திரத்திலேயே விட்டுவைக்காமல் அகன்ற எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அந்தத் தாம்பாளத்தை நீர் நிறைந்த பேசினில் மிதக்க விட்டு, நீர் வெதுவெதுப்பானவுடன் மாற்றி, இரண்டாம் தடவை அதில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தால், அரை மணிக்கு அதிகமாகாது. வெந்த பாஸ்தாவை வடிகட்டியவுடன் குடிநீரில் ஒரு முறை அலசிவிடலாம். இத்தாலியர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் உடனே சாப்பிடப் போகிறவர்கள். இரண்டும் தனித்தனியே குளிர்ந்தபின் ஒன்று சேர்த்து, சீஸைத் தூவி, சுடாமலே உறைய வைப்பது உத்தமம். ஓவனில் சுட்டுச் சூடேற்றி மறுபடி குளிர வைப்பது, ஒரே வெப்பத்தைக் காசு கொடுத்து இரு முறை ஏற்றி இரு முறை இறக்குகிற காரியம்.

அடுத்தபடியாகத் தட்டின் ஆழம். பண்டம் உறைவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை ருடால்ப் பிளாங்க் என்ற ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் 1913-இல் வெளியிட்டார். அதன் சாரம் இது: வெளிப்புறத்துக் காற்று வெப்பத்தை வாங்கும் தடையால் ஆகும் நேரம் பண்டத்தின் கனத்தோடு நேராக வளர்கிறது, பண்டத்தின் உட்புறத்திலிருந்து வெப்பம் வெளியே வரும் தடையால் ஆகும் நேரமோ கனத்தின் வர்க்கமாக வளர்கிறது. தாம்பரத்தில் கூட்டமான மின்சார ரயில் வந்து நின்றதும் வாசலருகில் நிற்பவன் கணத்தில் இறங்கிவிட, பெட்டியின் நடுவிலிருப்பவன் தனக்கு முன்னுள்ள அத்தனை பேரும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறதல்லவா, அந்தக் கதிதான் நடுவிலுள்ள வெப்பத்துக்கு. ஆகவே இரண்டரை சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டைக் காட்டிலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டு உறைய இரண்டு மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடைப்பட்ட காலம் பிடிக்கும். இதே விதி தலைகீழாக வேலை செய்ததால்தான், 1833-இல் பாஸ்டனிலிருந்து பிரெடெரிக் டியூடர் கப்பலேற்றிய ஏரிப் பனிக்கட்டி, நான்கு மாதம் கடலில் கிடந்து பூமத்திய ரேகையைக் கடந்தும் முழுதும் உருகாமல் கல்கத்தாவில் இறங்கிற்று; மதராஸ் கடற்கரையில் பின்னர் எழுந்து, இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸிலும் அது மரத்தூளுக்குள் நெடுநாள் நின்றது. பெரும் பாளமாக இருப்பது குளிரைக் காக்கும்; அதே குணம் சூட்டையும் காக்கும். விருந்துக்கு வைப்பதுபோல் ஒரே பெரிய தட்டாக உறைய வைக்கும் ஆசையை நாம் விட்டொழிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

விரைவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ருசியைச் சேர்ந்தது. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது வீதம் பருக்கிறது. மைனஸ் ஒன்றுக்கும் மைனஸ் ஐந்துக்கும் இடைப்பட்ட கட்டத்தில் பண்டத்திலுள்ள நீரின் பெரும்பகுதி ஸ்படிகமாகிறது. அந்தக் கட்டத்தை மெள்ள மெள்ளக் கடந்தால் சில ஸ்படிகங்களே தோன்றி, சுற்றியுள்ள நீரையெல்லாம் தம்பால் ஈர்த்து, ஊசிகளைப்போல் பெரிதாக வளர்ந்து, காய்கறியின் உயிரணுச் சுவர்களையும் பாஸ்தாவின் உள் அமைப்பையும் கிழித்துவிடும். விரைவாகக் கடந்தால் எண்ணற்ற நுண்ணிய ஸ்படிகங்கள் தோன்றி இருந்த இடத்திலேயே அடங்கும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸை 1912-க்குப் பின் சில ஆண்டுகள் லாப்ரடார் பனிப்பிரதேசத்தில் வசித்தபோது, அங்குள்ள மக்கள் கடுங்குளிர்க் காற்றில் கணத்தில் உறையவிட்ட மீன், மாதங்கள் கழித்து இளகியபோதும் புதிதாய்ப் பிடித்ததுபோல் இருந்ததைக் கவனித்தார்; அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததே, பொதிகளைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கிடையில் அழுத்தி உறைய வைக்கும் முறையும், 1930-இல் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் ஆரம்பமான உறைந்த உணவு வியாபாரமும். நம் வீட்டுப் பெட்டி அந்த வேகத்தை எட்டாது. எனினும், பொட்டலத்தைத் தட்டையாக்கி, பிரீசரின் உலோகத் தளத்தின்மேல் நேரே படும்படி வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டு, முழுதும் கல்லான பின்னரே அடுக்கினால், பேர்ட்ஸையின் தகட்டில் கால் பங்காவது நமக்குக் கிடைத்ததாகும்.

இங்கே நட்சத்திரக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டில் பிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரச் சீட்டு, 2006-இல் தொடங்கிய திட்டத்தின்படி மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே தெரிவிப்பது. அது உறையும் சக்திக்கு அத்தாட்சியன்று. உறைபெட்டிக்கென்று சர்வதேச வழக்கில் தனியே வேறு நட்சத்திரங்கள் உண்டு: ஒன்றானால் மைனஸ் ஆறு, இரண்டானால் மைனஸ் பன்னிரண்டு, மூன்றானால் மைனஸ் பதினெட்டு. ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் மேலே சிறு அறையாக இருக்கும் பிரீசர் பல வீடுகளில் மைனஸ் பதினெட்டை எட்டுவதேயில்லை. அதில் வைத்த பாஸ்தா கெடாது. ஆனால் இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டியது இரண்டு மூன்று வாரத்திலேயே சுவை மங்கும். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் உஷ்ணமானியை உள்ளே போட்டுப் பார்ப்பது, விளம்பரம் சொல்வதை நம்புவதைவிட மேல்.

மாவுச்சத்தின் விஷயம் தனி அத்தியாயத்துக்கே உரியது. வேண்டிய மட்டும் சொல்கிறேன். வேகும்போது மாவுச்சத்தின் துகள் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. ஆறும்போது அதன் நீண்ட இழைகள் மறுபடி ஒன்றையொன்று நெருங்கி, வரிசைகட்டி இறுகி, இடையிலிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. இந்த இறுகல் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது பிரிட்ஜின் கீழ் அறையில்தான். நன்றாக உறைந்த பின் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முதல்நாள் இட்லி பிரிட்ஜில் விறைத்துப் போவதும், அதையே ஆவியில் வைத்தால் மறுபடி மெத்தென்றாவதும் இதன் இரு முகங்கள். அறுபது டிகிரியை அணுகும்போது அந்த இறுகலின் பெரும்பகுதி அவிழ்ந்துவிடுகிறது. பாஸ்தாவுக்கு ஒரு பாக்கியம், அது டியூரம் என்னும் கடினக் கோதுமையால் ஆனது. நமது மத்தியப் பிரதேசத்தில் மாளவப் பகுதியிலும் விளைகிற அந்தக் கோதுமையின் புரதம், வலைபோல் பின்னி மாவுச்சத்தைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. அந்த வலை அறுந்துவிடாதபடி, பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும்; மீதி வேக்காட்டை ஓவனில் சாஸின் நீரே பார்த்துக்கொள்ளும். குழைய வெந்ததை உறைய வைத்தால், சுடும்போது கிடைப்பது பாஸ்தா அன்று, களி.

வெள்ளை சாஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மைதாவால் கெட்டியாக்கிய பால், உறைந்து இளகியபின் நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டதென்று பயப்படுவோர் உண்டு. அது திரிதல் அன்று, முன் சொன்ன இழைகள் நெருங்கிப் பிழிந்த நீர். ஆலைகளில் இதைத் தவிர்க்க, நெருங்கி இறுகும் அமைலோஸ் இழையே ஏறக்குறைய இல்லாத ஒருவகை மக்காச்சோள மாவைப் பயன்படுத்துகிறார்கள். அசாமின் போரா அரிசி போன்ற ஒட்டும் அரிசி வகைகளின் மாவுக்கும் அந்தக் குணம் உண்டு. அவை கிடைக்காத வீட்டில், மைதாவில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சி, சாஸைச் சற்றுத் தளரவே விட்டால் போதுமானது; சுடும்போது அது மறுபடி ஒன்றுகூடும். இதனுடன் உருளைக்கிழங்கைச் சேர்க்க வேண்டாம், பஞ்சாகிவிடும். பனீர் உதிரும், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும், தேங்காய்ப்பால் திரிந்ததுபோல் பிரியும். குடைமிளகாயும் கேரட்டும் சோளமும் வதக்கிய காளானும் நன்றாகவே தாங்கும்.

பாத்திரம் பற்றி ஒரு வேடிக்கை. எவர்சில்வர் தட்டில் தக்காளி சாஸுடன் பாஸ்தாவைப் பரப்பி, அலுமினியத் தாளால் பண்டத்தைத் தொடும்படி இறுக மூடிவைத்தால், சில நாட்களில் அந்தத் தாளில் ஊசித் துளைகள் விழுந்து, பண்டத்தின்மேல் கருஞ்சாம்பல் புள்ளிகள் தோன்றுவதுண்டு. எவர்சில்வர் ஓர் உலோகம், அலுமினியம் மற்றோர் உலோகம், இடையில் உப்பும் புளிப்பும் கலந்த ஈரம்: வோல்ட்டா செய்த மின்கலத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கூடியிருக்கின்றன. அலுமினியம் கரைந்து சாஸில் இறங்க, வெகு சொற்ப மின்சாரம் ஓடுகிறது. லசாக்னா சுடும் தேசங்களில் இதற்கு அந்தப் பண்டத்தின் பெயராலேயே ஒரு செல்லப்பெயர் உண்டு. பெரிய அபாயம் ஒன்றுமில்லை. ஆனாலும் இடையே ஒரு பட்டர் பேப்பரை விரித்தால் மின்கலம் அறுந்துவிடும். காற்றுப் புகாமல் ஒட்ட மூடுவதும் அவசியம். ஏனெனில் பனிக்கட்டி உருகாமலே நேரே ஆவியாகும் சுபாவமுடையது. மூடாத பண்டத்தின் மேற்பரப்பு அதனால் வறண்டு, வெளுத்து, நார் போலாகிவிடும். கண்ணாடித் தட்டானால், பிரீசரிலிருந்து நேரே காயும் ஓவனுக்குள் வைப்பது தட்டைத் தெறிக்க வைக்கும் வழி.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் மின்சாரம் நம் வசத்தில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், அதற்கு மறு ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், தென் புறநகர்களில் பல தெருக்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மூடிய கதவைத் திறக்காமலிருந்தால் நிரம்பிய பிரீசர் நாற்பத்தெட்டு மணி நேரமும் பாதி நிரம்பியது இருபத்து நான்கு மணி நேரமும் தாங்கும் என்று சொல்லப்படுவது, தனியாக நிற்கும் பெரிய பிரீசருக்கான கணக்கு. ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிற்றறையிடம் அதில் பாதியைக்கூட எதிர்பார்ப்பது வீண். ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்பதை அறிய எளிய உபாயம் ஒன்றுண்டு: ஒரு டம்ளர் நீரை உறையவைத்து, அதன்மேல் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போவது. திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் உறைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கியெறிய வேண்டியதுதான். நாம் வீட்டிலிருந்தே பார்த்து, பண்டத்தில் பனிக்கட்டி இன்னும் நெறுநெறுவென்று தட்டுப்பட்டால், மீண்டும் உறைய வைக்கலாம். சுவை சிறிது குறையும், கெடுதல் இராது.

சாப்பிட வேண்டிய நாளில், காலையில் மேடையின்மேல் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவது, முன்பு நாம் ஜாக்கிரதையாகக் கடந்து வந்த முப்பத்தைந்து டிகிரியில் பண்டத்தை ஒரு பகல் முழுவதும் நிறுத்துவதாகும். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ் அறைக்கு இறக்கி வைத்தால் போதும். மறந்துபோயிருந்தால், உலோகத் தட்டிலிருப்பதை உறைந்தபடியே ஓவனில் வைத்து, தாளால் மூடி, நூற்றெண்பது டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விட்டு, கடைசிப் பத்து நிமிஷம் மூடியை எடுத்துச் சீஸைச் சிவக்க விடலாம். மைக்ரோவேவில் ஓரம் கொதித்து நடு உறைந்தே கிடக்கும். இடையில் நிறுத்திக் கிளறத்தான் வேண்டும். எந்த அடுப்பானாலும் நடுப்பகுதி எழுபத்து நான்கு டிகிரியை எட்ட வேண்டும். உஷ்ணமானி இல்லாதவர்கள் கத்தியை நடுவில் குத்திச் சில விநாடி வைத்து எடுத்து மணிக்கட்டில் தொட்டுப் பார்க்க, தாங்க முடியாத சூடு தெரிய வேண்டும். ஒருமுறை இப்படிச் சூடாக்கியதில் மிஞ்சியதை மறுபடியும் பிரீசருக்கு அனுப்பக்கூடாது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பங்கிடும்போதே, புதன்கிழமை இரவு வீட்டில் சாப்பிடப் போகிறவர்கள் இரண்டு பேரா நான்கு பேரா என்று கேட்டுக்கொண்டு டப்பாவின் அளவைத் தீர்மானிப்பது நல்லது.